ஷெல்பி பெயரில் ஒரு சட்டம்

என் தங்கை மகள் ஷெல்பியின் பெயரில் எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் நிறைவேறிய சட்டம். அந்த வருடம் அப்படி நிறைவேறியவை இரண்டுதான். மற்றொன்று, ஆப்பிள் டோனட்டை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்பாக அறிவித்தது.

எங்கள் ஊர் ஆல்டர் ஃபோர்க்கில் முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. கேசட் எடுக்க வருபவர்கள் குறைந்ததும் கடைக்காரர் பின்னறையில் டேனிங் படுக்கை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மூடி வைத்த நீளமான பெட்டி. மேலும் கீழும் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் குழல் விளக்குகள். உடையைக் களைந்துவிட்டு உள்ளே படுத்து மூடியை இழுத்துக்கொண்டால், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் உடம்பு கடற்கரைக்குப் போய் வந்ததுபோல் பழுப்பாகிவிடும். கொஞ்ச நாளில் படங்கள் இருந்த அலமாரிகளை எடுத்துவிட்டு அங்கேயும் படுக்கைகளைப் போட்டார். கடைக்கு 'கோல்டன் ஹவர்' என்று பெயர் வைத்தார். ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். பள்ளி நடன விழாவுக்காகப் போனார்கள், கல்யாணத்துக்காகப் போனார்கள், பிறகு எதற்காகவும் இல்லாமலே போனார்கள். ஷெல்பி போக ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. பிற்பாடு முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, அவள் கண்ணுக்கே படாத இடத்தில் ஒரு மச்சம் வந்தது. தோல் புற்றுநோய். இருபத்து மூன்று வயதில் இறந்துபோனாள்.

என் தங்கை ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த திங்கட்கிழமை வேலைக்குப் போய் உருளைக்கிழங்கு மசித்தாள். யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுதால், அவர்கள் முடிக்கும்வரை கையைக் கொடுத்துவிட்டு நிற்பாள். அழுகை வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்ட வேலை என்பதுபோல் இருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் கார்லா ஃபென்விக் வீட்டுக்கு வந்தார். கூடவே படம் எடுக்க ஓர் ஆள். அன்று நானும் அங்கே இருந்தேன். நான் மாவட்ட நிர்வாகத்தின் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவன். வேலை முடிந்ததும் தங்கை வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

"பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க அந்தப் படுக்கையில படுக்கவே கூடாதுன்னு ஒரு மசோதா கொண்டுவரப் போறேன்," என்றார் ஃபென்விக். "அதுக்கு உங்க பொண்ணு பேர் வேணும்."

"பேர் எதுக்கு?" என்றாள் ரோண்டா.

"பேர் இல்லாத மசோதா கமிட்டியிலேயே செத்துப்போயிடும்." சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார். "அதாவது, நகராது."

ரோண்டா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். "அவ பேர்தானே, எடுத்துக்கோங்க," என்றாள். படம் எடுக்கும் ஆள் ஷெல்பியின் நல்ல படம் ஒன்று கேட்டான். பள்ளி நடன விழாவுக்கு எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

தலைநகருக்கு என் பிக்கப் வண்டியில்தான் போனோம். சுகாதாரக் கமிட்டி என்று பலகை போட்டிருந்த அறைக்குப் போனதும் அங்கே இருந்த எழுத்தர் தலையை ஆட்டினார். டேனிங் படுக்கை மருத்துவக் கருவி இல்லையாம். "அதுல படுத்து யாருக்கும் குணமாகறதில்லையே மேடம். அப்புறம் எப்படி இங்க வரும்?" என்றார். பழைய சட்டம் ஒன்றின்படி, உயிர்களைச் செயற்கை வெளிச்சத்தில் வைப்பது விவசாயத் துறையின் பொறுப்பு. கோழிக்குஞ்சுகளுக்காக எழுதிய சட்டம். ஆகவே ஷெல்பி விவசாயக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டாள்.

அங்கே எங்களுக்கு முன்னால் வெண்ணெயின் மஞ்சள் நிறம் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்களுக்குச் சீஸ் துண்டுகள் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் மெர்வின் ஸ்ட்ராண்ட் பால்பண்ணைக்காரர். சிவந்த கழுத்து, பெரிய கைகள், எல்லாரிடமும் தன்மையாகப் பேசுவார். வெண்ணெய் விஷயம் மதியச் சாப்பாடுவரை இழுத்தது. ஒவ்வொரு கட்டியையும் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அதன் பிறகு ரோண்டாவைக் கூப்பிட்டார்கள்.

சாட்சி சொல்பவருக்கு இரண்டு நிமிடம். மேஜைமேல் சாலை விளக்குபோல் மூன்று சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கலாம், சிவப்பு எரிந்தால் ஒலிவாங்கி அணைந்துவிடும்.

"என் பேர் ரோண்டா விட்மர். ஸ்கூல்ல சமைக்கறேன். என் பொண்ணு ஷெல்பிக்கு மஞ்சள் பிடிக்காது, ஆனா ப்ராமுக்கு, அதான் ஸ்கூல் டான்ஸுக்கு, டிரெஸ்ஸு மஞ்சள்லதான் கிடைச்சுது. வெளுத்த தோலுக்கு அது எடுபடாதுன்னு..."

மஞ்சள் விளக்கு எரிந்தது. நிறுத்திவிட்டாள். சாலையிலும் அவள் அப்படித்தான்.

"இன்னும் நேரம் இருக்கு, மிஸஸ் விட்மர்," என்றார் ஸ்ட்ராண்ட்.

"பரவால்ல."

"நேரத்தை மதிக்கற சாட்சியை இந்தக் கமிட்டி மனசாரப் பாராட்டுது," என்றார் அவர். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்க அனுமதி கேட்டார். "மேடம், குஞ்சுக்கு நாங்க விளக்கு வெக்கறோம். வெக்கலேன்னா விடியறதுக்குள்ள விறைச்சுப் போயிடும். அப்போ பொதுவா விளக்கு கெடுதல்னு நீங்க சொல்ல முடியுமா?"

"தெரியலீங்க."

"சாட்சிக்குத் தெரியலைங்கறதைப் பதிவு பண்ணிக்கோங்க," என்றார் அவர். பதிவு பண்ணிக்கொண்டார்கள்.

அடுத்து தோல் மருத்துவர் லீனா இம்ஹாஃப். ஷெல்பிக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தப் படுக்கையில் இளம் வயதில் படுக்க ஆரம்பிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றும், உலகச் சுகாதார அமைப்பு அதைப் புகையிலையோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது என்றும் சொல்லத் தொடங்கினார். அதற்கு முன்பே தலைவர் அவருடைய குடும்பப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, அதே பெயரில் தனக்கு ஒரு டிராக்டர் வியாபாரியைத் தெரியும் என்று சொல்லி, அவர் உறவா என்று விசாரித்ததில் பச்சை போய் மஞ்சளும் போயிருந்தது. புகையிலை என்ற சொல்லில் ஒலிவாங்கி அணைந்தது.

"ரொம்ப உபயோகமான தகவல், டாக்டர்," என்றார் தலைவர்.

பிறகு அவர் தன் கருத்தைச் சொன்னார். தலைவர் முன்னால் விளக்கு கிடையாது.

"நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. ஆனா வேலின்னா என்னன்னு தெரியும். ஒரு மனுஷனோட தோல்தான் அவன் வேலி. அதுக்கு அந்தப் பக்கம் அரசாங்கம் நிக்கலாம், இந்தப் பக்கம் வரக் கூடாது. இன்னைக்கு விளக்கு வெளிச்சத்தை நிறுத்துவீங்க, நாளைக்கு சூரியனுக்கு லைசென்ஸ் கேப்பீங்க. எங்க அப்பா வாழ்நாள் பூரா வெயில்லயே நின்னாரு."

"அவர் எப்படி இறந்தார்?" என்று கேட்டார் டாக்டர் இம்ஹாஃப். ஒலிவாங்கி அணைந்திருந்ததால் அது பதிவாகவில்லை.

இடைவேளை விட்டார்கள். நானும் ரோண்டாவும் வராந்தாவில் சுவரோரமாக நின்றோம். சற்றுத் தள்ளி ஜன்னலருகே டாக்டர் தன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கோழிப் பண்ணைக்காரர் அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், ஒரு நிமிஷம். இந்தக் கையில இருக்கறது, போன வருஷம் இவ்ளோ பெரிசா இல்ல." டாக்டர் கோட்டைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு உறுப்பினர் வந்து சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விவசாயக் கமிட்டி முழுவதும் வராந்தாவில் வரிசையாக நின்றது. ஒருவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். இன்னொருவர் சட்டையை இடுப்பிலிருந்து உருவிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். ரோண்டா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தலைவர் ஸ்ட்ராண்ட் வந்தார். காதுக்குக் கீழே காட்டினார். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"இதைத் தள்ளிப் போடாதீங்க," என்றார். "இந்த வாரமே."

"பயப்படணுமா?"

"சீக்கிரம் வந்தா பயம் இல்ல."

ஸ்ட்ராண்ட் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எல்லாரும் உள்ளே போய், மசோதாவை மேலும் பரிசீலிக்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் எங்களிடம் மிகவும் அன்பாக இருந்தவர் ப்ரென்ட் காலோவே. உள்ளரங்க வெயில் வணிகர் சங்கத்தின் ஆள். டேனிங் கடைக்காரர்களுக்காக உறுப்பினர்களிடம் பேசுவது அவருடைய உத்தியோகம். ரோண்டாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டவர் அவர்தான். காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டவரும் அவர்தான். மசித்த உருளைக்கிழங்குபோல் வெளுத்த முகம்.

"நீங்க அதுல படுக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரொம்ப மென்மையான தோல்," என்றார். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்." பிறகு ரோண்டாவின் பக்கம் குனிந்து, "எங்க சங்கம் இந்த மசோதாவை எதிர்க்கல மிஸஸ் விட்மர். ஷெல்பி சட்டம் கட்டாயம் வரணும். உள்ள இருக்கறதைக் கொஞ்சம் சரிபண்ணினா போதும்," என்றார்.

சரிபண்ண ஆரம்பித்தார்கள். அதன்பின் நாங்கள் போன ஒவ்வொரு தடவையும் மசோதா கொஞ்சம் மெலிந்திருந்தது. 'தடை' என்ற சொல் 'வழிகாட்டல்' ஆனது. 'ஆபத்து' என்பது மக்களை ஆபத்துக்கு உள்ளாக்கும் சொல் என்று ஒருவர் வாதாடியதில் அது 'அனுபவம்' ஆனது. புற்றுநோய் என்பதைச் 'சருமத்தின் நிலைமாற்றம்' என்று எழுதினார்கள். பதினெட்டு வயது பதினாறாகி, பதினாறு பதினாலானது. பதினாலுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஃபோனில் சொன்னாலும் போதும்.

"இதுதான் இந்த மசோதாவோட உயிர்," என்றார் ஸ்ட்ராண்ட் அடுத்த கூட்டத்தில். "அம்மா அப்பா கையில அதிகாரத்தைக் குடுக்கறோம். மிஸஸ் விட்மர், நீங்களும் ஒரு அம்மா. உங்க கையில அந்த அதிகாரம் வேணாமா?"

"நான் அப்பவே சம்மதம் குடுத்தேனே," என்றாள் ரோண்டா. "கூட்டிட்டுப் போனதே நான்தான். குளிர்ல நடக்க வேண்டாம்னு."

காலோவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க," என்றார் ஸ்ட்ராண்ட் கடைசியில், மற்ற உறுப்பினர்களிடம். "சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நடைமுறையில இருக்கற ஏற்பாடு. புதுசா எதையும் திணிக்கல."

அன்று மாலை ஃபென்விக் எனக்கு ஃபோன் செய்து, நல்ல முன்னேற்றம் என்றார். எதில் என்று நான் கேட்டேன். "நகருது, டுவேன். நகர்றதுதான் முக்கியம்," என்றார்.

மார்ச் மாதம் சங்கத்தார் சட்டமன்றக் கட்டடத்தில் 'உள்ளரங்க வெயில் நாள்' கொண்டாடினார்கள். நடுக்கூடத்தில், பெரிய வட்ட மாடத்துக்குக் கீழே, அசல் டேனிங் படுக்கை ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அனுபவம் இல்லாமல் எப்படி வாக்களிப்பது என்று உறுப்பினர்கள் சிலர் சட்டைக் கையை மடித்து ஒவ்வொரு கையாக உள்ளே நீட்டிப் பார்த்தார்கள். கோழிப் பண்ணைக்காரர் டையோடு உள்ளேயே படுத்துவிட்டார். அவர் பாதி மூடிய பெட்டிக்குள் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பலர் படம் எடுத்தார்கள். ரோண்டா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் சுவரைக் கவனித்தோம். நடுக்கூடத்தைச் சுற்றி முன்னாள் கவர்னர்களின் ஓவியங்கள் மாட்டியிருக்கும். அன்று அவை ஒவ்வொன்றின் மேலும் தடித்த சாம்பல் கம்பளி தொங்கியது. படுக்கையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றருகே வயதான காவலர் ஒருவர் நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகளை அவர் அந்தப் பக்கமே விடவில்லை.

"படத்தை எல்லாம் ஏன் மூடியிருக்கீங்க?" என்று கேட்டாள் ரோண்டா.

"இந்த வெளிச்சம் ஆகாதும்மா. புற ஊதாக் கதிர். படத்துல கலர் போயிடும்."

"கொஞ்ச நேரம்தானே வெக்கறாங்க?"

"கொஞ்ச நேரம் பட்டாலும் பட்டதுதான். உள்ளயே தங்கிடும், பின்னாடிதான் வெளிய தெரியும். போனது திரும்ப வராது." காவலர் பெருமையாகச் சொன்னார். "சட்டம் இருக்கும்மா. கண்டிப்பான சட்டம். இதை இங்க எடுத்துட்டு வர்றதுக்கே தீயணைப்பு ஆபீசர் கையெழுத்து, மின்சார ஆபீசர் கையெழுத்து, அருங்காட்சியகத்துல இருந்து ஒரு அம்மா வந்து நின்னு பாத்தாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் கயித்துக்கிட்ட வரக் கூடாது."

"யார் போட்ட சட்டம்?"

"இவங்கதான்," என்று மாடியில் இருந்த சட்டமன்ற அவையைக் காட்டினார். "ஒருத்தர் விடாம ஒத்துக்கிட்டாங்க."

ரோண்டா கம்பளி மூடிய ஓவியங்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வண்டிக்குப் போகலாம் என்றாள்.

கமிட்டியின் கடைசிக் கூட்டத்துக்கு ஸ்ட்ராண்ட் கழுத்தில் கட்டோடு வந்தார். காதுக்குக் கீழே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டிதானாம், ஆனால் சீக்கிரம் பார்த்துவிட்டதால் பிரச்சினை இல்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரோண்டாவும் தட்டினாள்.

"ஆண்டவனுக்கு நன்றி. அரசாங்க ஊழியர் இன்ஷூரன்ஸுக்கும் நன்றி," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "இதுல இருந்து நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. எந்தச் சட்டமும் என்னை டாக்டர்கிட்ட துரத்தல. வராந்தாவுல நடந்து போனேன், டாக்டர் அங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க, காட்டினேன். சுதந்திரம்னா இதுதான். இந்த வாய்ப்பு நம்ம மாநிலத்துல எல்லாருக்கும் இருக்கு."

மசோதா ஒருமனதாகக் கமிட்டியைத் தாண்டியது. பிறகு அவையையும் தாண்டியது.

கையெழுத்துப் போடும் நாளில் கவர்னர் ரோண்டாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு கையெழுத்துக்கு ஒரு கை நிறையப் பேனாக்கள். ஓர் எழுத்துக்கு ஒரு பேனா வீதம் எழுதி, ஒவ்வொன்றையும் ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தார். முதல் பேனா காலோவேக்கு. ரோண்டாவுக்குக் கடைசிப் பேனா. அதை வைத்து அவர் புள்ளி மட்டும் வைத்திருந்தார்.

"இந்தச் சட்டத்தோட அழகு என்னன்னா, இது யார்கிட்டேருந்தும் எதையும் எடுக்கல," என்றார் கவர்னர் கேமராக்களைப் பார்த்து. "ஷெல்பி இன்னைக்கு இருந்திருந்தா, இந்தச் சட்டப்படி அவ விரும்பினதைச் செஞ்சிருக்கலாம்."

கேமராக்காரர்கள் ரோண்டாவைச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் எப்படி என்று தெரியாமல் பல்லைக் காட்டினாள். மறுநாள் பேப்பரில் தலைப்பு: மகிழ்ச்சியில் தாய்.

சட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே கட்டாயம் அறிவிப்புப் பலகைதான். மாநிலத்தின் ஒவ்வொரு டேனிங் கடையும் வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும். 'இக்கடை ஷெல்பி சட்டத்துக்கு உட்பட்டது. பொறுப்புடன் பழுப்படையுங்கள்.' வாசகத்துக்கு மேலே ஷெல்பியின் படம். பலகையைச் சங்கமே இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தது. நடன விழாப் படம். மஞ்சள் உடுப்பில் தோள் தெரிய நின்று சிரிக்கிறாள். தேன் தடவிய ரொட்டிபோல் மின்னும் பழுப்பு. அவ்வளவு ஆரோக்கியமாக அவளை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ரோண்டா அந்தப் பலகையைப் பொறுத்துக்கொண்டாள். நெடுஞ்சாலையில் போகும்போது ஊருக்கு ஊர் மகள் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வருவாள். அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்களாம்.

"ப்ராமுக்கு எந்த ஷேடு போறே?"

"ஷெல்பி கலர். கடையில அப்படித்தான் கேக்கணும். போர்டுல இருக்கற பொண்ணு மாதிரின்னா அவங்களுக்குப் புரியும்."

ரோண்டா அவளுக்கும் பட்டாணி போட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஃபென்விக்கை அழைத்து, மகள் பெயரையும் படத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஃபோனின் குரல் எனக்கும் கேட்டது.

"எடுக்கறதுன்னா சட்டத்தைத் திருத்தணும், ரோண்டா. அதுக்கு ஒரு மசோதா வேணும். விவசாயக் கமிட்டிக்குத்தான் போகும். இப்பதான் எல்லாரும் ஒத்துமையா ஒண்ணு செஞ்சிருக்கோம், அதைப் போய்க் கலைக்கறதான்னு கேப்பாங்க. கடைக்காரங்க வேற எதிர்ப்பாங்க."

"அவங்க ஏன் எதிர்க்கணும்?"

"அந்தப் பலகை அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

ரோண்டா நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, கோல்டன் ஹவருக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். படுக்க என்றாள். தடித்த குளிர்கோட்டும் பனிக்காலணியும் போட்டிருந்தாள்.

கடைக்குள் வெப்பமாக இருந்தது. தேங்காய் வாசனை. கல்லாவில் கென்ட்ரா என்ற பெண். அவளும் ரோண்டா கையால் சாப்பிட்டு வளர்ந்தவள்தான்.

"மிஸஸ் விட்மர்," என்றாள், எழுந்து நின்றபடி. கண் தன்னையறியாமல் வாசல் பலகைப் பக்கம் போய்த் திரும்பியது. "உங்களுக்கா?"

"எனக்குத்தான். எத்தனை நேரம் வேணும்னாலும் படுக்கலாம்னு ஒரு மெம்பர்ஷிப் இருக்காமே."

"இருக்கு. ஒரு தடவைக்கு இவ்ளோ நேரம்னு விளக்கு தானே அணைஞ்சுடும். ஆனா எத்தனை தடவை வேணும்னாலும் வரலாம்."

"அது குடு."

முதல் அறைக்குள் போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அந்த அறையைப் பதிவு செய்திருந்த பெண் வந்தாள். பதினைந்து வயதிருக்கும். வெளியே அவள் அம்மாவின் கார் திரும்பிப் போவது தெரிந்தது. அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கென்ட்ரா கதவைத் தட்டினாள். "மிஸஸ் விட்மர், உள்ள விளக்கு எரியல போலிருக்கே. மெஷின் வேலை செய்யலையா?"

"நான் போடல."

"அப்போ என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே பதில். கென்ட்ரா முதலாளிக்கு ஃபோன் செய்தாள். முதலாளி ஷெரிஃப் ஆபீசுக்குச் செய்தார். கோடி வந்தான். ஷெல்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது ஷெரிஃபின் காவலனாக இடுப்பில் துப்பாக்கியோடு இருக்கிறான். கதவருகே போய்த் தொண்டையைச் செருமினான்.

"மிஸஸ் விட்மர், நான் கோடி."

"தெரியும். உனக்குப் பீன்ஸ் பிடிக்காது."

"ஏதாவது உடைச்சிருக்கீங்களா?"

"இல்லப்பா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

அவன் கென்ட்ராவிடம் திரும்பினான். "விளக்கு போடாம படுத்திருக்கக் கூடாதுன்னு சட்டத்துல ஏதாவது இருக்கா?"

"சட்டத்துல எதுவுமே இல்லையே," என்றாள் கென்ட்ரா.

கோடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் மறுபக்கத்தில் உட்கார்ந்தான். மற்ற அறைகளின் கதவிடுக்கில் நீல வெளிச்சம் கசிந்தது. மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள், முகம் சிவக்க வெளியே வந்தார்கள். கடையில் படுக்கைகள் பல. ரோண்டா ஒருத்தி.

"அந்த ஆன்ட்டி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள் பதினைந்து வயசுக்காரி.

"தெரியலம்மா."

"எனக்கு வாலிபால் ப்ராக்டிஸ் இருக்கு." அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். கார் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே, வந்தபோது இருந்த அதே வெளுப்போடு கிளம்பிப் போனாள்.

கடை மூடும் நேரத்தில் ரோண்டா கதவைத் திறந்தாள். கோட்டு கசங்கியிருந்தது. தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கென்ட்ராவுக்கு நன்றி சொன்னாள். கோடியின் தோளைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஹீட்டரைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். "எப்படி இருந்துச்சு?"

"சில்லுனு இருந்துச்சு," என்றாள். "கண்ணாடி."

தானியக் கிடங்கைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"நாளைக்கு ஞாயிறு. சர்ச் முடிஞ்சப்புறம்தான்."

"சரி," என்றாள். "முன்னாடியே போய் வாசல்ல நின்னுக்கலாம்."